கிணற்றுமேட்டு டிரம்மை முதலில் நகர்த்துங்கள்

கேள்வி: கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சை விவசாயம் செய்யும் குடும்பத்துக்கு வாக்கப்பட்டு ஆறு வருடமாகிறது. நான்கு வயதில் ஒரு பையன், இப்போது ஐந்து மாத கர்ப்பம். மாமனார், மாமியாரோடு சேர்த்து வீட்டில் ஐந்து பேர். தோட்டத்துக் கிணற்றுத் தண்ணீரைத்தான் குடிக்கிறோம், சமைக்கிறோம். பஞ்சாயத்துக் குழாயில் நான்கு நாளைக்கு ஒருமுறைதான் வரும். போன மாதம் கவாத்து முடிந்து மருந்து அடித்த மறுநாள் தண்ணீரில் மருந்து வாடை வந்தது. இரண்டு நாளில் போய்விட்டது. எப்போதும் கிணற்றுமேட்டில் டிரம் வைத்துத்தான் மருந்து கலக்குவார்கள். 'கொதிக்க வைத்துக் குடித்தால் ஒன்றும் செய்யாது' என்கிறார் மாமா. 'இதே தண்ணியைக் குடிச்சுத்தானே நாங்க வளர்ந்தோம்' என்கிறார் வீட்டுக்காரர். ஆர்.ஓ. மெஷின் விற்பவர் மீட்டர் வைத்துக் காட்டிப் பதினெட்டாயிரம் கேட்கிறார். வாங்கலாமா? மண்ணையும் தண்ணீரையும் கெடுக்காமல் வாழ எனக்கும் ஆசைதான். ஆனால் நாங்கள் திராட்சையை நம்பி இருப்பவர்கள். எங்களால் முடியுமா?
– பெயர் வேண்டாம், தேனி மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரி,

வாடை போய்விட்டது என்பதால் மருந்தும் போய்விட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். தண்ணீரில் விட்டதும் பால்போல வெளுக்கும் ஈ.சி. வகை மருந்துகளில் நம் மூக்குக்குத் தெரிவது பெரும்பாலும் அதைக் கரைத்து வைத்திருக்கும் எண்ணெய்க் கரைப்பான்தான். அது காற்றில் பறந்துவிடும், மருந்து தண்ணீரிலேயே தங்கியிருக்கலாம். ஆகவே குடிக்க, சமைக்க, பையனுக்குப் பால் கலக்க அந்தக் கிணற்றுத் தண்ணீரை இன்றே நிறுத்துங்கள். குழாய்த் தண்ணீர் போதாது என்று நினைப்பீர்கள். குடிக்கவும் சமைக்கவும் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஐந்து லிட்டர் என்று வையுங்கள். ஐந்து பேருக்கு நான்கு நாளைக்கு 100 லிட்டர். பதினைந்து லிட்டர் பிளாஸ்டிக் குடத்தில் ஏழு குடம். தண்ணீர் வருகிற அன்று அந்த ஏழு குடத்தை மட்டும் தனியாக மூடி வைத்தால் குடிநீர்ப் பிரச்சினை இப்போதைக்குத் தீர்ந்தது. பாத்திரம் கழுவவும் மாட்டுக்கும் குழாய்த் தண்ணீரைச் செலவழிப்பதால்தான் அது நமக்குப் போதாமல் போகிறது.

மாமா சொல்கிற கொதிக்கவைக்கும் யோசனை கிருமிக்குச் சரி, மருந்துக்குச் சரிவராது. கொதிக்கும்போது ஆவியாகிப் போவது தண்ணீர்தான். பெரும்பாலான பூச்சிக்கொல்லிகள் பாத்திரத்திலேயே நிற்கும், சுண்டச் சுண்ட ஒரு தம்ளரில் இருக்கிற அளவு கூடத்தான் செய்யும். கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போடலாமா என்று அடுத்து யாராவது கேட்பார்கள். மருந்து விழுந்த சந்தேகம் இருக்கும்போது அதையும் செய்யாதீர்கள். குளோர்பைரிபாஸ் போன்ற பாஸ்பரஸ் வகை மருந்துகள் குளோரினோடு சேர்ந்தால் நரம்பை இன்னும் கடுமையாகத் தாக்கும் பொருளாக மாறும். தேற்றான்கொட்டை கலங்கலைத் தெளிய வைக்கும், செப்புக்குடம் கிருமியைக் குறைக்கும். இரண்டுமே நல்ல பழக்கங்கள்தான், ஆனால் மருந்தை இவை எடுக்காது.

உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது ஒரே ஒரு வரியைத்தான். 'கிணற்றுமேட்டில் டிரம் வைத்துத்தான் எப்போதும் மருந்து கலக்குவார்கள்.' நீங்கள் அதைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால் உங்கள் கேள்விக்கு முக்கால்வாசிப் பதில் அங்கேதான் இருக்கிறது.

தோட்டத்தில் தெளித்த மருந்து மண்ணில் இறங்கி, பாறையிடுக்கில் ஊறி, கிணற்றுக்கு வருவது ஒரு வழி. அதற்கு நாளாகும், வழியில் பெரும்பகுதி மண்ணில் ஒட்டும், சிதையும். கிணற்றுமேட்டில் கலக்கும்போது நடப்பது வேறு. மோட்டார்க் குழாயின் முனை டிரம்முக்குள் மூழ்கிக் கிடக்கும். கரண்ட் போகும், மோட்டார் நிற்கும். அடியிலுள்ள ஃபுட்வால்வு சரியாக மூடாவிட்டால் குழாயில் ஏறிய தண்ணீர் பின்னால் இறங்கும்போது டிரம்மில் கலந்து வைத்த மருந்தையும் உறிஞ்சிக்கொண்டு கிணற்றுக்குள் போகும். யாரும் ஊற்ற வேண்டியதில்லை, யாருக்கும் தெரியவும் தெரியாது. கலக்கும்போது சிந்துவதும், அடித்து முடித்து டேங்கைக் கழுவி அங்கேயே கவிழ்ப்பதும் அதே மேட்டிலிருந்து மழையோடு உள்ளே போகும். அடித்த மறுநாளே வாடை வந்தது என்றால், மண்வழியாக ஊறிவர அதற்கு நேரம் இருந்திருக்காது. மேல்வழியாக வந்திருக்கவே வாய்ப்பு அதிகம்.

எவ்வளவு சிந்தினால் கெடும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். வீட்டுக்காரரோடு உட்கார்ந்து போடுங்கள். இருபது அடி விட்டமுள்ள வட்டக் கிணறு, பத்து அடி தண்ணீர் என்றால் சுமார் 89,000 லிட்டர். குடிநீருக்கான இந்தியத் தரநிலை, ஐ.எஸ். 10500, ஒரு லிட்டரில் குளோர்பைரிபாஸ் 30 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்கிறது. மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமைப் பத்து லட்சம் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு. அப்படியானால் அந்தக் கிணறு முழுவதும் வரம்பைத் தொட இரண்டே முக்கால் கிராமுக்கும் குறைவான மருந்து போதும். கடையில் கிடைக்கும் 20 சதவீத குளோர்பைரிபாஸில் அது 13 மில்லி, ஒன்றிரண்டு பாட்டில் மூடி அளவு. மோனோகுரோட்டோபாஸுக்கு வரம்பு ஒரே ஒரு மைக்ரோகிராம். அதன் 36 சதவீத மருந்தில் கால் மில்லி, ஐந்தாறு சொட்டு. அதற்கு 2023-ல் தடை அறிவித்தாகிவிட்டது. ஆனாலும் பம்புசெட் அறைப் பரணில் பழைய பாட்டில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

இதில் நல்ல செய்தியும் இருக்கிறது. மண்ணெல்லாம் ஊறிக் கெட்டிருந்தால் சரியாக வருடங்கள் ஆகும். கிணற்றுவாயில் விழுவதை நாளைக்கே நிறுத்திவிடலாம். டிரம்மைக் கிணற்றிலிருந்து குறைந்தது நூறடி தள்ளி, மழைத் தண்ணீர் கிணற்றுப் பக்கம் ஓடிவராத இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். குழாய் முனை டிரம் தண்ணீருக்கு ஒரு சாண் மேலே நிற்கட்டும், உள்ளே மூழ்கவே கூடாது. அந்த ஒரு சாண் காற்றிடைவெளி இருந்தால் மருந்தைப் பின்னால் இழுக்க எந்த மோட்டாராலும் முடியாது. காலியான பாட்டிலில் தண்ணீர் விட்டு மூன்று தடவை குலுக்கி, அந்தத் தண்ணீரைத் தெளிக்கும் டிரம்மிலேயே ஊற்ற வேண்டும். மருந்தும் வீணாகாது. பாட்டிலை ஓட்டை போட்டுவிடுங்கள், வேறெதற்கும் எடுத்தாள முடியாதபடி. வாய்க்காலில் எறிவதும், கழுவி எண்ணெய் வாங்க வைத்துக்கொள்வதும் வேண்டவே வேண்டாம்.

கிணற்றைச் சுற்றி இரண்டடிச் சுவரும், வெளியே சரிவாகச் சிமெண்ட் தளமும் இல்லையென்றால் அடுத்த அறுவடைப் பணத்தில் அதற்கு முதலிடம் கொடுங்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல எண்ணத்தோடு செய்து மாட்டிக்கொண்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நிலத்தடி நீர் உயர வேண்டும் என்று தோட்டத்து மழைத் தண்ணீரைக் குழாய் போட்டு நேரே கிணற்றில் விடுவார்கள். கூரைத் தண்ணீரை விடலாம். மருந்தடித்த பந்தலுக்கடியில் ஓடிய தண்ணீரைக் குடிநீர்க் கிணற்றில் விடக்கூடாது.

பரிசோதனைக்கு வருவோம். இங்கே என் அனுபவத்திலிருந்து ஒன்று. ஆய்வகத்தில் சேர்ந்த புதிதில், ஒரு கிராமத்துப் பெரியவர் கிணற்றுத் தண்ணீர் கொண்டுவந்தார். ஆய்வகத்துப் பட்டியலில் இருந்த பூச்சிக்கொல்லிகளை எல்லாம் தேடினோம், எதுவும் இல்லை, 'நல்ல தண்ணீர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்தத் தோட்டத்தில் என்ன மருந்து அடிக்கிறார்கள் என்று ஒரு வார்த்தை நான் கேட்கவில்லை. பின்னால் தெரிந்தது, அவர்கள் பயன்படுத்தியது எதுவுமே நாங்கள் தேடிய பட்டியலில் இல்லை என்று. முப்பது வருடம் கழித்தும் அந்தக் கையெழுத்து எனக்கு நினைவிருக்கிறது.

ஐ.எஸ். 10500 பட்டியலில் பெயர் சொல்லி வரம்பு வைத்திருப்பது 18 மருந்துகளுக்கு. எண்டோசல்பான், டி.டி.டி., மாலத்தியான், போரேட், 2,4-டி எல்லாம் அதில் உண்டு. இன்றைக்கு எல்லோரும் அடிக்கிற இமிடாகுளோபிரிட் அதில் இல்லை. தண்ணீரில் நன்றாகக் கரைந்து நகரக்கூடிய மருந்து அது. திராட்சைக்கு அடிக்கும் பூஞ்சைக்கொல்லிகள் பலவும் இல்லை. எனவே போன ஒரு வருடத்து மருந்துக்கடை பில்களை எடுத்து, வாங்கிய எல்லாவற்றின் வேதிப்பெயரையும் ஒரு தாளில் எழுதுங்கள். வியாபாரப் பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் இருப்பதுதான் வேதிப்பெயர். லேபிளில் உள்ள முக்கோணத்தின் நிறத்தையும் குறியுங்கள். சிவப்பு மிகக் கொடியது, அடுத்து மஞ்சள், நீலம், பச்சை. ஆய்வகத்தில் 'இவை இருக்கிறதா என்று பாருங்கள்' என்று அந்தத் தாளைக் கொடுக்க வேண்டும்.

பூச்சிக்கொல்லிப் பரிசோதனைக்குச் செலவு ஆகும், எல்லா ஊரிலும் வசதியும் இல்லை. அதனால் முதலில் நைட்ரேட் பாருங்கள். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டிக் கொடுக்கலாம். நான் இதை முதலில் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. யூரியாவிலிருந்தும் சாணக்குழியிலிருந்தும் வரும் நைட்ரேட் மண்ணில் ஒட்டாது, தண்ணீர் போகிற வழியெல்லாம் போகும். அது லிட்டருக்கு 45 மில்லிகிராம் வரம்பைத் தாண்டியிருந்தால், தோட்டத்து மேல்தண்ணீர் உங்கள் கிணற்றுக்கு வழி கண்டுபிடித்துவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம். கைக்குழந்தைக்கு நைட்ரேட்டே தனியாக ஆபத்து, ரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் உடம்பு நீலம் பாயும். நீங்கள் பிரசவத்துக்கு முன்பே இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். நைட்ரேட்டும் கொதிக்கவைத்தால் போகாது. மயில்துத்தம் என்ற தாமிர உப்பும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவை அடிக்கிற தோட்டமென்றால் தாமிரத்தையும் கூடவே பார்க்கச் சொல்லுங்கள்.

பூச்சிக்கொல்லிக்குக் கோயம்புத்தூர் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் எச்சம் பார்க்கும் ஆய்வகம் இருக்கிறது. போன் செய்து கேட்டுவிட்டு எடுங்கள். பிளாஸ்டிக் பாட்டிலில் எடுக்கக்கூடாது, மருந்து அதன் சுவரில் ஒட்டிக்கொள்ளும். பழுப்புக் கண்ணாடி பாட்டிலில் காற்றுக்கு இடமில்லாமல் நிரப்பி, ஐஸ் பெட்டியில் வைத்து, மறுநாளைக்குள் சேர்க்க வேண்டும். எடுக்கும் நாளும் முக்கியம். ஓய்வான மாதத்தில் எடுத்த தண்ணீர் உண்மையைச் சொல்லாது. மருந்தடிப்புக்குப் பிறகு பெய்யும் முதல் நல்ல மழைக்கு அடுத்த நாள் எடுங்கள்.

ஆர்.ஓ. மெஷின் விஷயம். அவர் காட்டிய டி.டி.எஸ். மீட்டர் தண்ணீரில் கரைந்த உப்பை மில்லிகிராம் கணக்கில் சொல்லும். நாம் தேடுவது அதில் ஆயிரத்தில் ஒரு பங்கான மைக்ரோகிராமை. மருந்து விழுந்த தண்ணீரிலும் விழாத தண்ணீரிலும் அந்த மீட்டர் ஒரே எண்ணைத்தான் காட்டும். ஆகவே அவர் காட்டியதை வைத்து ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம். ஆர்.ஓ. பல பூச்சிக்கொல்லிகளை எடுக்கும் என்பது உண்மை. ஒரு லிட்டர் தர இரண்டு மூன்று லிட்டரைக் கழிவாக வெளியேற்றும் என்பதும் உண்மை. உப்பு 500 மில்லிகிராமுக்குக் கீழே இருக்கும் தண்ணீருக்கு ஆர்.ஓ. கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-ல் சொன்னது இந்த விரயத்தை வைத்துத்தான். பூச்சிக்கொல்லியைப் பிடிப்பதில் முக்கிய வேலைக்காரன் ஆக்டிவேட்டட் கார்பன். நுண்துளைகள் உண்டாகும்படி பதப்படுத்திய கரி அது, வெறும் அடுப்புக்கரி அல்ல. அந்தக் கார்பனுக்கும் கொள்ளளவு உண்டு. நிறைந்த பிறகு மாற்றாமல் வைத்திருந்தால் பிடித்ததையே திரும்ப விடவும் செய்யும். வெறும் யு.வி. விளக்கு மட்டும் உள்ள கருவி இதற்கு உதவாது. சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் டி. பிரதீப் குழு வெள்ளி, தங்க நானோ துகள்களைக் கொண்டு தண்ணீரிலுள்ள பூச்சிக்கொல்லியை எடுக்கும் வழியைக் கண்டு, அது வீட்டு வடிகட்டியாகவும் வந்தது. நம் ஊர்த் தண்ணீரின் நிலைமைக்காக நம் ஊரிலேயே பிறந்த வேலை என்பதால் எனக்கு அதில் தனிப் பெருமை.

என் யோசனை: இப்போது எதையும் வாங்காதீர்கள். ஏழு குடம் குழாய்த் தண்ணீரில் ஓட்டுங்கள். பரிசோதனையில் மருந்து மட்டும் தெரிந்து, வேறு தண்ணீருக்கு வழியே இல்லை என்றால் கார்பன் வடிகட்டி வாங்கி, மாற்ற வேண்டிய தேதியைச் சுவரில் எழுதி வையுங்கள். நைட்ரேட்டும் சேர்ந்து கூடியிருந்தால்தான் ஆர்.ஓ. தேவை, கார்பன் நைட்ரேட்டை எடுக்காது. கேன் தண்ணீர் வாங்கினால் ஐ.எஸ். 14543 முத்திரை பார்த்து வாங்குங்கள். டெல்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2003-ல் பாட்டில் தண்ணீரில் பூச்சிக்கொல்லி இருப்பதை வெளிக்கொண்டுவந்தது. அதன் பிறகு 2004 ஜனவரி முதல் அடைத்து விற்கும் தண்ணீரில் ஒரு மருந்துக்கு 0.1 மைக்ரோகிராம், எல்லாம் சேர்த்து 0.5 என்று வரம்பு இறுகியது. ஐரோப்பாவில் குழாய்த் தண்ணீருக்கே அந்த வரம்புதான்.

'இதே தண்ணியைக் குடிச்சுத்தானே வளர்ந்தோம்' என்பவரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். அந்தக் காலம் எல்லாம் சுத்தம் என்றும் சொல்லாதீர்கள், அதுவும் சரியல்ல. அவர் சின்னப் பையனாக இருந்தபோது பி.எச்.சி. என்ற பூச்சிமருந்துப் பவுடரைக் கையாலேயே தூவியவர்கள் உண்டு. விவசாயத்தில் டி.டி.டி.யை 1989-லும் பி.எச்.சி.யை 1997-லும் நிறுத்தினார்கள். தீங்கு தெரிந்த பிறகுதானே நிறுத்தினார்கள்? அதை மட்டும் மெதுவாகக் கேளுங்கள். மாமாவிடம் பேசும்போது மருந்தை விடச் சொல்லி ஆரம்பிக்காமல், டிரம்மை நகர்த்தச் சொல்லி ஆரம்பியுங்கள். மகசூலில் கைவைக்காத யோசனையைக் கேட்கப் பெரியவர்கள் தயங்க மாட்டார்கள்.

உங்கள் கர்ப்பத்தைப் பற்றி. கேரளாவின் காசர்கோட்டில் முந்திரித் தோட்டங்களின்மேல் ஹெலிகாப்டரிலிருந்து எண்டோசல்பான் தெளித்த கொடுமை உங்கள் மனதில் இருக்கலாம். அங்கே இருபது வருடத்துக்கு மேல், வீடும் ஓடையும் திறந்த கிணறும் பார்க்காமல் தெளித்தார்கள். உச்ச நீதிமன்றம் 2011-ல் அதைத் தடை செய்தது. உங்களுக்கு நேர்ந்தது அது அல்ல. இரண்டு நாள் வாடை வந்ததை வைத்துக் குழந்தைக்கு ஏதோ ஆகிவிடும் என்று நினைத்துத் தூக்கம் கெட வேண்டாம். ஆனால் மருந்தின் பெயரோடு, நடந்ததை ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் சொல்லி அட்டையில் குறிக்கச் சொல்லுங்கள். மருந்தடிப்புக்குப் பின் யாருக்காவது வாயில் எச்சில் ஊறி, வியர்த்து, கண்பாவை சுருங்கி, மூச்சு இளைத்தால் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

தண்ணீரைவிட அதிகமாக உங்கள் உடம்பில் மருந்து படுகிற ஒரு வழி இருக்கிறது, நீங்கள் அதை எழுதவே இல்லை. மருந்தடித்துவிட்டு வருபவரின் சட்டையை யார் துவைக்கிறார்கள்? பிரசவம் முடிந்து பால் கொடுக்கும் காலம் வரைக்கும் அதை நீங்கள் தொடக்கூடாது. அடித்தவரே கையுறை போட்டுத் தனி வாளியில் ஊறவைத்து அலசட்டும், அந்தத் தண்ணீரும் கிணற்றுமேட்டில் கொட்டப்படாமல் தோட்டத்துக்குள் போகட்டும். துவைக்கும் கல் கிணற்றோரம் இருந்தால் அதையும் டிரம்மோடு சேர்த்து நகர்த்துங்கள். குளிக்காமல் பையனைத் தூக்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள். சமையலறையில் போடும் எறும்பு மருந்தும் கரப்பான் சாக்பீஸும் பூச்சிக்கொல்லிகள்தான், அவற்றையும் வெளியேற்றுங்கள்.

கடைசியாக, 'எங்களால் முடியுமா' என்ற கேள்வி. திராட்சை எளிதான பயிர் இல்லை. உங்கள் பள்ளத்தாக்கின் ஈரத்துக்கு அடிச்சாம்பல், சாம்பல் என்ற பூஞ்சை நோய்கள் மாறி மாறி வரும். நாளையே எல்லாவற்றையும் நிறுத்துங்கள் என்று சொல்பவர், கடன் கட்ட வேண்டியவரில்லை. இயற்கை விவசாயத்தில் நம்மாழ்வாரும் நெல் ஜெயராமனும் காட்டிய பாதையில் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. நெல்லில் அந்த வழி பிடிப்பதற்கும் பந்தல் திராட்சையில் பிடிப்பதற்கும் உள்ள தூரத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆகவே ஓர் ஓரத்துப் பந்தல், பத்து சென்ட், கிணற்றுக்கு அருகில் உள்ளதாகப் பார்த்து, அதில் மட்டும் முதல் வருடம் மாற்றிப் பாருங்கள். காலண்டர் பார்த்து அடிக்காமல் கொடியைப் பார்த்து அடிப்பது, மழை மூட்டம் இருந்தால் தள்ளிப்போடுவது, மஞ்சள் ஒட்டுப்பொறி, பயிர் நோயைத் தடுக்கும் நுண்ணுயிர்களான சூடோமோனாஸ், டிரைக்கோடெர்மா, பிறகு வேப்பெண்ணெய், காற்றோட்டமான கவாத்து. ஆனைமலையன்பட்டியில் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மாமாவையே அங்கே அனுப்புங்கள், அவர் கேட்கட்டும். நீங்கள் கேட்டுவந்து சொல்வதைவிட அது வேலை செய்யும். அந்தப் பத்து சென்ட்டுக்கும் கிணற்றுக்கும் நடுவில் இரண்டு வரிசை வெட்டிவேர் நடுங்கள். அடித்துக்கொண்டு வரும் மண்ணை அது நிறுத்தும், மண்ணில் ஒட்டிவரும் மருந்தும் அங்கேயே நிற்கும்.

வீட்டுக்கூரை மழைநீரைக் குடிக்கச் சேமிக்க முடிந்தால் மிக நல்லது. ஒரே நிபந்தனை, மருந்தடிக்கிற நாட்களில் காற்றில் வரும் துளி கூரையிலும் படியும். அடித்தபின் பெய்யும் முதல் மழையைத் தொட்டியில் விடாமல் வெளியே விட்டுவிடுங்கள்.

பரிசோதனைத் தாளும் மருந்துக்கடை பில் எழுதிய தாளும் கைக்கு வந்ததும் இரண்டையும் சேர்த்து எனக்கு அனுப்புங்கள். ஒன்றுக்கொன்று ஒப்பிட்டுப் படித்துச் சொல்கிறேன்.